மலைக்குள்ளே மாப்பிள்ளை

“அந்த பெல்பாட்டம் மாப்பிள்ளை சரியான புளுகன்!” உப்பள முதலாளி இராயப்பன் நனைந்த குடையை உதறியபடி வீட்டுக்குள் வந்தார்.

“வேலை பாக்குற இடத்துக்கே போனீங்களா?” என்றாள் மனைவி இன்னாசிமேரி.

“போனேன். மலைக்கு உள்ளே கரண்ட் ஸ்டேஷன் இருக்குதாம், அதுலதான் அவனுக்கு வேலையாம். கரண்ட் எடுக்கக் கீழே விட்ட தண்ணியையே திரும்ப மேலே ஏத்துவாங்களாம்! உள்ளே விட மாட்டேன்னுட்டான் வாட்ச்மேன். வெறும் மலைதான் இருக்குது. இந்தச் சம்பந்தம் வேணாம்.”

மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெண் கேட்டுப் பேசிய மாதா கோயில் உபதேசியார் அப்போது உள்ளே வந்தார்.

“அவங்களே வேணாம்னுட்டாங்க. நேத்து உங்க உப்பளத்தைப் பாக்க வந்தாங்க. அங்கே உப்பளமே இல்லையாம், வெறும் ஏரிதானாம். நீங்க புளுகுறீங்களாம்.”

இராயப்பன் கொதித்தார். “ஐப்பசி மழையில அறுபது ஏக்கரும் தண்ணிக்கு உள்ளே கிடக்குது! கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?”