அளவுக்காரி

"இந்த வண்டியில உட்காரப் போறது யாரு?"

கேட்டபோது அவள் கையில் அளவு நாடா இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், கணவன் ஸ்பேனரும் கையுமாகக் குந்தியிருந்தான். எதிரே, பழையதாக வாங்கிய க்ரூஸர் பைக்.

"யாரு? நான்தான். எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கிறேன்."

அவள் தையல்காரி. தைத்த துணியைப் பார்த்தே உடம்பைச் சொல்லிவிடுவாள். வண்டிக்கு மட்டும் அளவு கிடையாதா என்ன? நாடாவை விரித்தாள். எட்டிப் பிடிக்கும்படி இருந்த ஹேண்டில்பாரை நெஞ்சுப் பக்கமாக இழுத்து வைத்திருந்தான். காலை நீட்டி வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குக் கொண்டுவந்திருந்தான். சீட்டை நன்றாக இறக்கி, அகலமாகப் பஞ்சு வைத்திருந்தான்.

இவனோ ஒட்டடைக் கம்பு. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் காதை இடிக்கும். அவளும் உயரத்தில் அவனுக்கு இளைத்தவள் இல்லை.

"ஆள் குட்டை. கையும் கட்டை. இடுப்பு மட்டும் தாராளம்," என்றாள். "எவ அவ?"

அசல் விலையைக் கேட்டால் முழிக்கிற வியாபாரிபோல அவன் முழித்தான். விற்பதற்கு என்றான். உடனே இல்லை, நண்பனுக்கு என்றான். எந்த நண்பன் என்றதும், விழாத நட்டைத் தேடி வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

அம்மாவுக்கு போன் போட்டு அழுதாள். இனி இவனோடு வாழ மாட்டேன், அங்கேயே வந்துவிடுகிறேன் என்றாள். அம்மா 'உம்' கொட்டினாள். போகிற போக்கில் அந்த வண்டியைக் கொளுத்திவிட்டுத்தான் வருவேன் என்றபோதுதான் அம்மாவுக்குக் குரலே மாறியது.

"அடியே, அதும்மேல கைய வைக்காத. இதோ வர்றேன்."

அம்மா வாயைத் திறந்தால் தெருவே அடங்கும். வந்தவள், பெட்டியோடு வாசலில் நின்ற மகளை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள். விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனாள். மாப்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். செத்தான் இன்றைக்கு என்று மகள் பின்னாலேயே ஓடினாள்.

அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஹேண்டில் தானாகக் கைக்கு வந்தது. மகள் பெட்டியைக் கீழே வைத்தாள். எத்தனையோ வருடமாக அவளே அளவெடுத்துத் துணி தைத்துக் கொடுத்த உடம்பு.

"எல்லாம் சரி மாப்ள," என்றாள் அம்மா. "பிரேக் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்ட வரணும்."