வெள்ளைப் பொட்டலம்

விடியற்காலைப் பனிக்குள் கண்டது மனிதனா என்று ஸைதானுக்கு நிச்சயமில்லை. ஆனால் அந்தப் பழுப்பு அங்கி தம்பி அவத்துடையதுதான். தொளதொளவென்று தொங்கும் அங்கியோடு, முதுகில் மருந்து டேங்கோடு, அது ஸைதானின் பீட் வயலுக்குள் நடந்துகொண்டிருந்தது.

அவத் இறந்து, நாற்பதாம் நாள் ஓதி முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஸைதான் ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டான். தம்பி எதற்காக வந்திருக்கிறான் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு நாள் முன்புதான் அவன் தம்பி மனைவி இன்ஷிராஹைத் தேடிப் போயிருந்தான். "உனக்கும் சேத்து போரான் வாங்கிட்டு வந்தேன். இந்த வெள்ளாமை பொய்ச்சா நீ பொறந்த வீட்டுக்குத்தானே போகணும்" என்று ஒரு வெள்ளைப் பொட்டலத்தை நீட்டினான்.

அதில் இருந்தது பொடித்த உப்பு. போரான் சத்து இல்லாத பீட் வெளியே தளதளவென்றுதான் நிற்கும். கிழங்கின் நெஞ்சு மட்டும் கறுத்துவிடும். சர்க்கரை ஆலை வாங்காது. அவள் போய்விட்டால் தம்பி நிலத்தையும் அவனே உழுதுகொள்ளலாம்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வயலுக்கு அவரு எருவைக் கொட்டி வச்சுட்டுத்தான் போனாரு, அபூ ஹிஷாம். உங்க பயிருதான் பாவம், வெறும் யூரியாவுல நிக்குது." ஹிஷாமின் தகப்பன் என்று மகன் பெயரைச் சொல்லித்தான் அவள் அவனை அழைப்பாள்.

அடுத்த இரண்டு விடியலிலும் அந்த உருவம் வந்தது. வரிசை வரிசையாக அவன் பயிருக்கு எதையோ அடித்துவிட்டுப் பனிக்குள் மறைந்தது.

அதன் பிறகு ஸைதான் வயலுக்குப் போகவே இல்லை. அவன் பங்குப் போரான் வைக்கோலுக்குள் பிரிக்காமலே கிடந்தது.

"பகல்லயும் அடுப்படியில குந்தியிருந்தா எப்படி? பீட்டு தானா நடந்து ஆலைக்குப் போயிடுமா?" என்றாள் அவன் மனைவி.

ஏப்ரலில் கிழங்கு பிடுங்கினார்கள். இன்ஷிராஹின் கிழங்கை வெட்டினால் பால்போல வெள்ளை. அவள் லாரி ஆலைக்குள் போயிற்று. ஸைதானின் லாரி வாசலிலிருந்தே திரும்பி வந்தது. எதை வெட்டினாலும் நடுவில் கறுப்பு.

அன்று சாயங்காலம் அவன் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான்.

"அவத் வந்தான்மா," என்றான். "அவன் அங்கியில. மூணு நாளு. என் பயிரை அவன்தான் கெடுத்தான். நான் செஞ்சதுக்கு..."

"ஐயோ, அது நான்தான்! துணி நனையக் கூடாதுன்னு அவரு அங்கியைப் போட்டுக்கிட்டேன்." அவள் பதறிப்போனாள். "எங்களுக்கு அவரு வாங்கி வச்ச போரானே இருந்துது, அபூ ஹிஷாம். நீங்க குடுத்ததை உங்க வயலுக்குத்தான் அடிச்சேன்."