இரண்டாவது பொட்டலம்

காளியம்மன் காலடியில் வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றை எடுக்கச் சொல்லி, திரிஷாவை முன்னால் நிறுத்தினார் பூசாரி வைகுண்டராஜ்.

திரிஷா, வீரணனின் தம்பி பேத்தி. ஐந்து வயது. சூதுவாது தெரியாத பிள்ளைதான் பூ எடுக்க வேண்டும்.

வெள்ளை அரளி வந்தால் வீரணனின் மனைவி சங்கிலியம்மாள் ஆபரேஷனுக்குப் போவாள். சிவப்பு வந்தால் போகமாட்டாள்.

அவளுக்கு மார்பில் கட்டி. ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், அதற்கு மேல் தள்ளினால் தன் கையில் இல்லை என்று தேனியில் டாக்டரம்மா சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது.

சங்கிலியம்மாள் மசியவில்லை. வீரணன் கெஞ்சினான், கத்தினான், இரண்டு நாள் சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தான்.

"எங்க அக்காளையும் ஆபரேஷன் பண்ணினா நல்லாயிரும்னுதான் கூட்டிட்டுப் போனாக. பொணமாத்தான் வந்தா. எனக்கு இந்த நோவைக் குடுத்தவ காளி. அவ ஞாயம் தெரிஞ்சவ, அவளே சொல்லட்டும்." யார் கேட்டாலும் இதைத்தான் சொன்னாள்.

வீரணனுக்குக் காளியோடு எந்தப் பகையும் இல்லை. ஆனால் முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் உயிரை ஒரு பிள்ளையின் விரலை நம்பி விட்டுவிட அவனுக்கு மனசு வரவில்லை.

காலையில் அவள் கண் முன்னால்தான் வெள்ளையும் சிவப்புமாகப் பூப் பறித்தான். அவள் குளிக்கப் போனதும் சிவப்பைக் குழாயடியில் வீசிவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினான்.

சாமிக்கு முன்னால் கள்ள ஓட்டுப் போட்டவன் அனுமந்தன்பட்டியிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அதனால் கூடி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் மட்டும் நாளைக் காலையில் எத்தனை மணிக்குப் பஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சங்கிலியம்மாள் கண்ணை மூடியிருந்தாள். கும்பிட்ட கைகளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள். ஐயோ, இவளிடம் மட்டுமாவது சொல்ல முடியவில்லையே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

திரிஷா வலது பக்கத்துப் பொட்டலத்தில் கை வைத்தாள். இலை மேல் ஒரு கட்டெறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு எதை எடுப்பதென்று தெரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏதாச்சும் ஒன்ன எடு தாயி. வெயில் ஏறுதுல்ல" என்றான் வீரணன்.

சொந்தக்காரர்கள் அவனை முறைத்தார்கள். திரிஷா இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள்.

முடிச்சு அவிழவில்லை. திராட்சைக் கொடியைப் பந்தல் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிற முடிச்சு அது. வீரணன் கைக்கு வேறு முடிச்சுத் தெரியாது. சாமி காரியத்துக்குமா இந்த முடிச்சு என்று சலித்துக்கொண்டே பூசாரி கத்தியை எடுத்து நாரை அறுத்தார்.

வெள்ளை.

பெண்கள் குலவையிட்டார்கள். சங்கிலியம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுந்தாள். அவள் முகம் தெளிந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். நாளைக் காலையிலேயே தேனிக்குப் போய்விடலாம் என்று அவளே சொன்னாள்.

அந்தச் சந்தடியில் வீரணன் மற்றொரு பொட்டலத்தை எடுத்து வேட்டி மடியில் செருகினான். வாய்க்காலில் விட்டுவிட்டு வருவதாகப் பூசாரியிடம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொட்டலத்தை அப்படியே விட்டால் மிதந்து போய் யார் கையிலாவது சிக்கும். பூவைத் தனியாக, இலையைத் தனியாக விடுவதுதான் நல்லது. முடிச்சைப் பல்லால் கடிக்க வாய்க்குக் கொண்டுபோனான்.

கடிக்கத் தேவைப்படவில்லை. நுனியைத் தொட்டு இழுத்ததுமே நார் உருவிக்கொண்டு வந்தது. பூக்கட்டுகிறவர்கள் போடுகிற சுருக்கு.

உள்ளே சிவப்பு அரளி இருந்தது.

வீரணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாயடியில் வீசிய பூ. அவன் கையாலேயே வீசிய பூ. காம்பில் ஈரமண்கூட இன்னும் ஒட்டியிருந்தது. கரைக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முகம் கழுவ வந்த சங்கிலியம்மாள் அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் திடுக்கிடவில்லை.

"குழாயடியில கெடந்துச்சு. ரெண்டும் வெள்ளையா இருந்தா காளி எப்பிடிங்க வாயத் தொறப்பா?"

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க நினைத்தான். அதற்குள் அவள் குனிந்து முகத்தைக் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள், பை எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் தலை மறைந்த பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. இது வலது பக்கத்துப் பொட்டலம். பிள்ளை முதலில் கை வைத்தது இதன் மேல்தான். அப்போது அவன் பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். ஏதாச்சும் ஒன்றை எடு என்று சொன்னவனும் அவன்தான்.

அவன் இலையை முழுக்க விரித்தான். சிவப்பு இதழுக்குள்ளிருந்து கட்டெறும்பு வெளியே வந்து அவன் விரலில் ஏறியது.

சுருக்கென்று கடித்தது. வீரணன் கையை உதறவில்லை.