அம்மா பூனை

“பூனைக்கு முதல்ல என்ன போடணும்?”

“வட்டம்!” என்று குட்டி வகுப்பு மொத்தமும் கத்தியது.

டிராயிங் மிஸ் போர்டில் வட்டம் போட்டாள். குழந்தைகளும் போட்டார்கள். சிலருக்கு உருளைக்கிழங்காக வந்தது, சிலருக்குத் தலையணையாக. பரவாயில்லை, எல்லாப் பூனையும் ஒரே மாதிரியா இருக்கிறது?

“மேல ரெண்டு முக்கோணம், அது காது. உள்ள ரெண்டு கண்ணு. நடுவுல குட்டியா ஒரு மூக்கு. இப்ப இந்தப் பக்கம் மூணு கோடு, அந்தப் பக்கம் மூணு கோடு. இது என்ன?”

“மீசை!”

எல்லாரும் மீசை வைத்தார்கள். சுண்டெலி மட்டும் கிரேயானைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். குரலில் எலித்தனம் எதுவும் கிடையாது.

“என்னடா செல்லம், உன் பூனைக்கு மீசை எங்க?”

“இது அம்மா பூனை மிஸ்.”

“சரி, அம்மா பூனைக்கு மீசை எங்க?”

சுண்டெலி மிஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிற பார்வை.

“அம்மாவுக்கெல்லாம் மீசை இருக்கக் கூடாது மிஸ். அப்பாவுக்குத்தான்.”

மிஸ்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“யாரு சொன்னா? அம்மாவுக்கும் இருக்கும்.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

“அத்தைக்கு?”

“அத்தைக்கும்தான்.”

“குட்டிப் பாப்பாவுக்கு?”

“பொறக்கும்போதே இருக்கும்.”

“எதுக்கு மிஸ்?”

“இருட்டுல சந்து பொந்துல நுழையும்ல? மீசை இடிச்சா, அந்த இடம் சின்னதுன்னு தெரிஞ்சுக்கும். இல்லன்னா உள்ள போய் மாட்டிக்கும்.”

சுண்டெலி தன் பூனையின் மூக்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாள்.

“அசிங்கமா இருக்காதா?”

“அசிங்கமா? மூஞ்சிக்கு அழகே அதுதான்!”

அவ்வளவுதான். கிரேயானை எடுத்தவள் நிறுத்தவே இல்லை. மூணு மூணு கோடு என்ற கணக்கெல்லாம் காற்றில் பறந்தது. மீசை காகிதத்தைத் தாண்டி டெஸ்க் மேலும் போனது.

அன்று மத்தியானம் பெற்றோர் வந்து பார்க்கிற நாள். படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கிளாஸ் மிஸ், சுண்டெலியின் படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

“இது பூனையா, விளக்குமாறா? இதையும் ஒட்டணுமா?”

“ஒட்டுங்க மிஸ். ஆசையா வரைஞ்சிருக்கா.”

“ஒட்டினாலும் பார்க்க ஆள் வரணுமே! அவங்க அம்மா இந்த வருஷம் ஒரு நாளாவது கேட்டைத் தாண்டி வந்திருக்காங்களா? ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு புள்ளைய அனுப்பிட்டுப் போயிடறாங்க. அதுவும் கண்ணு வரைக்கும் மாஸ்க். நம்ம ஸ்கூல் காத்துகூட அவங்களுக்கு ஆகாது போல. சரியான தலைக்கனம்!”

“வேலைக்குப் போற அவசரமா இருக்கும்.”

“நான் மட்டும் என்ன பொழுதுபோக்கவா வரேன்? உங்களுக்கு யாருக்காவது வக்காலத்து வாங்காட்டி தூக்கம் வராது.”

போன தடவை பெற்றோர் வந்த நாளில், நாற்காலியெல்லாம் மடக்கி வைக்கிற வரைக்கும் சுண்டெலி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றது டிராயிங் மிஸ்ஸுக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்காவது வந்து தொலைக்கக் கூடாதா அந்தம்மா!

பெற்றோர் வந்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆளாளுக்கு அவரவர் பிள்ளையின் பூனை முன்னால் நின்று போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். ஓர் அப்பா, தன் மகன் போட்ட காதில் ஒரு இன்ஜினீயர் தெரிவதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுண்டெலி வாசலில் நின்றாள்.

“அம்மா வரலையாடா?”

“வந்துட்டாங்க மிஸ். அங்க.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாஸ்க்கோடு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அம்மா நின்றிருந்தாள்.

“பார்த்தீங்களா?” என்றாள் கிளாஸ் மிஸ். “இவ்வளவு தூரம் வந்தும் உள்ள வர மனசில்லை. நான் சொன்னப்ப நம்பலையே!”

இப்போது டிராயிங் மிஸ்ஸுக்கே கோபம் வந்துவிட்டது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். அதற்குள் சுண்டெலி சுவரிலிருந்து தன் படத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு மிஸ்களும் பின்னாலேயே ஓட, வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே பிடித்து நிறுத்தினார்.

அவள் படத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“அம்மா! மாஸ்க்கைக் கழட்டிட்டு உள்ள வாம்மா! அம்மாவுக்கும் மீசை இருக்கும்னு மிஸ்ஸே சொல்லிட்டாங்க! யாரும் சிரிக்க மாட்டாங்க!”

கேட்டருகே இருந்த இரண்டு மூன்று பேர் ‘களுக்’கென்று சிரித்துவிட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கை தானாகப் போய் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்தது. டிராயிங் மிஸ்ஸுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கால் நகரவில்லை.

நகர்ந்தது கிளாஸ் மிஸ். விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தபடி உரக்கச் சொன்னாள்.

“எனக்கும் இருக்குங்க! நேத்து சாயங்காலம்தான் பார்லர்ல எடுத்துட்டு வந்தேன். நீங்க உள்ள வாங்க.”