கழிப்பறைச் சிரிப்பு

எச்.ஐ.வி. மருந்தைக் கைப்பட்டையே உடம்பில் ஏற்றிவிடும். கட்டிங் மாஸ்டர் மருதாசலத்துக்கு அதில் குறையில்லை. இந்தப் புது மாடல்தான் 'வாழ்க்கைத் தர'த்தையும் சேர்த்துப் பார்த்தது. மத்தியானத்துக்குள் ஒருமுறையாவது வாய்விட்டுச் சிரிக்காவிட்டால் கீகீயென்று கத்தித் தொலைக்கும். பனியன் கம்பெனியில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே! முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடி, "ஹா ஹா" என்றான். பட்டை நம்பவில்லை; கத்தியது.

பக்கத்துக் கழிப்பறையிலும் ஒரு "ஹா ஹா". அடுத்து, அதே கீகீ.

தெரிந்த குரல். வருஷக்கணக்காகத் தினமும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடும் அயர்ன் மாஸ்டர் அவினாசியப்பன். சித்திரை வெயிலிலும் முழுக்கைதான் போடுவான்.

"அவினாசி... நீயுமாடா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவினாசி கேட்டான்:

"ஏன்டா, உன்ற பட்டையும் உன்னைய நம்பமாட்டேங்குதா?"

அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில், பட்டைகள் இரண்டும் வாயை மூடிக்கொண்டன.