ஆறு தரம் வென்றவன்

கண்டி பி.எம்.எக்ஸ். சைக்கிள் கழகச் செயலாளர் அழகரின் மேசையில், அரசாங்கக் கச்சேரி அலுவலகக் கிளார்க் தம்பிராஜா விதிப் புத்தகத்தை விரித்து வைத்தார்.

“ஆரம்ப வகுப்புப் போட்டியிலை ஐஞ்சு தரம் வெண்டால் மேல் வகுப்புக்கு ஏத்த வேணும். கபிலன் ஆறு தரம் வெண்டிட்டான். ஏன் இன்னும் கீழை வைச்சிருக்கிறியள்? தமிழ்ப் பிள்ளை எண்டோ?”

அழகரும் தமிழர்தான். தலையைச் சொறிந்துகொண்டார்.

“மேல் வகுப்புப் போட்டியெல்லாம் கொழும்புல நடக்குதுங்க. போட்டி லைசன்சுக்குப் பொலிஸ் கடிதம் வேணும். போன வாரமும் அங்க குண்டு வெடிச்சிச்சு. பதினாறு வயசுப் பையன், பேரைப் பார்த்ததுமே செக்பொயின்ட்ல இறக்கிடுவாங்க. நெலம சரியாகட்டும்னு பார்த்தேன்.”

“பயந்து கொண்டிருந்தால் பிள்ளையள் எப்பிடி முன்னேறும்? திறமையை அமத்தி வைக்கிறது பாவம். விதியெண்டால் விதி.”

அழகருக்கு வெட்கமாகிவிட்டது. இப்படியொரு துணிச்சலான தகப்பனை அவர் கண்டதில்லை. லைசன்ஸ் படிவத்தை எடுத்து நிரப்பி நீட்டினார்.

“சரிங்க. அப்பா கையெழுத்த இந்த எடத்துல போடுங்க.”

தம்பிராஜா படிவத்தைத் தொடவில்லை.

“அதுக்குக் கபிலன்ரை தகப்பனைக் கூப்பிடுங்கோ. நான் ஆறு தரமும் ரெண்டாவதாய் வந்தவன்ரை தகப்பன்.”