ஐந்தாவது சம்மதம்

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டதுதான் செசீலியா டீச்சர் விட்ட பிழை.

வேறு வழியும் இருக்கவில்லை. அம்பிளாந்துறைப் பாதை, வாவியைக் கடக்கிற அந்த இரும்பு மிதவை, நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அதன் இயந்திரம் போட்ட சத்தத்தில் கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்தும் ஒரு சொல் விளங்கவில்லை.

கொழும்பிலிருந்து பேசியவன் ஸியாம். கிரிக்கெட் சபையின் அலுவலர். பெண்கள் தேசிய அணியைத் தெரிவு செய்கிற ஐந்து பேரில் செசீலியாவும் ஒருத்தி. கிழக்கிலிருந்து போன ஒரே ஆள்.

“மெடம், பிள்ளையள் எல்லாரும் எயார்போட்டில. ஆறு மணிக்கு ஃப்ளைட். அமைச்சர் இன்னும் லிஸ்டில சைன் வெக்கல்ல.”

அமைச்சர் கையெழுத்து வைக்காத அணி நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைக்க ஏலாது. சட்டம் அப்படி.

“ஏன் வெக்கல்லயாம்?”

“கெப்டன மாத்தோணுமாம்.”

செசீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாண வீட்டுக்கென்று உடுத்திருந்த பட்டுச் சேலையின் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“தம்பி, நெத்மி நாங்க அஞ்சு பேரும் இருந்து கதைச்சுத் தெரிவு செஞ்ச கெப்டன். மூண்டு நாளா அந்த லிஸ்ட் அவர்ர மேசையில கிடக்கு. பிள்ளையள் பேக்கும் கையுமாப் போய் நிக்கக்குள்ளதான் அவருக்கு ஞானம் வந்ததா?”

பாதையில் நின்ற அத்தனை காதும் இப்போது டீச்சரின் கைபேசியில்தான்.

“விடாதீங்க டீச்சர்!” துணிப் பொதி கட்டிய மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த காத்தான்குடி ஹமீட் காக்கா குரல் கொடுத்தார். “மட்டையில எந்தப் பக்கம் பந்து படோணும் எண்டு அமைச்சருக்குத் தெரியுமா? கேளுங்க!”

“கேட்டாப்போல சொல்லப்போறாரா?” என்றாள் கண்ணகை, மடியில் ஒரு பூசணிக்காயோடு. “எல்லாத்துக்குள்ளயும் கைய விடுற. இவனுகளுக்கு வேற வேல இல்லியாகா?”

நாலைந்து பேர் ஓம், ஓம் என்றார்கள்.

“மத்த நாலு பேரும் சம்மதிச்சிட்டாங்க மெடம்,” என்றான் ஸியாம். “அஞ்சு பேரும் ஓம் எண்டாத்தான் லிஸ்ட மாத்தலாம். உங்கட ஒரு சொல்லுத்தான் மிச்சம்.”

“நாலு பேருமா? மேசையில அடிச்சு அடிச்சு நெத்மி, நெத்மி எண்டவங்களா?”

“அமைச்சரே ஃபோன்ல கோல் எடுத்தவர் மெடம்.”

“எடுத்தா? கோல் எடுத்தவுடன நெத்மிக்கு விளையாட மறந்துபோயிட்டா? நான் மாட்டன். பழைய லிஸ்டையே குடுங்க. சைன் வெச்சா வெக்கட்டும். வெக்காட்டி, எயார்போட்டில நிக்கிற டிவிக்காரருக்கு ஏன் எண்டு அவரே போய்ச் சொல்லட்டும்.”

“அப்பிடிப் போடுங்க!” என்றார் ஹமீட் காக்கா.

“அடுத்த மாசம் கொமிட்டியும் மாறும் மெடம். உங்கட பேர் இரிக்காது.”

“நான் என்ன கொமிட்டியில பிறந்தவளா? முப்பது வருஷம் பள்ளிக்கூட கிரவுண்டில வெயில் குடிச்சவள்.”

ஸியாம் பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

“மெடம், கொஞ்சம் கேளுங்க. அவர் கேக்கிறது வேற ஆரையும் இல்ல. உங்கட பக்கத்துப் புள்ள. பிரஷாந்தி.”



“ஆரு, நம்மட பனிச்சங்கேணிப் புள்ளயா?” கண்ணகை எழும்பிய வேகத்தில் பூசணிக்காய் உருண்டு ஹமீட் காக்காவின் மோட்டார் சைக்கிள் சில்லில் போய் முட்டியது.

“ஞாயிற்றுக்கிழமை அமைச்சர் மட்டக்களப்புக்கு வாறார். தேர்தல் கூட்டம். ‘உங்கட ஊர் மகள நான் கெப்டனாக்கிட்டன்’ எண்டு மேடையில சொல்லோணுமாம். புள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது.”

ஹமீட் காக்கா தொண்டையைச் செருமினார். “அமைச்சர் எண்டா ஒரு மரியாதையும் இரிக்குத்தானே டீச்சர்.”

“இப்பதானே மட்டையில எந்தப் பக்கம் எண்டு கேக்கச் சொன்னீங்க?”

“அது வேற டீச்சர். இது நம்மட புள்ள.”

“ஓம் எண்டு சொல்லுங்க டீச்சர்!” பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பாதையை ஓட்டுகிறவரும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“மாட்டன்.”

“பாருங்களன்!” கண்ணகை சனத்தைப் பார்த்துச் சொன்னாள். “இந்தப் பக்கத்துப் பொம்புளப் புள்ள ஒண்டு அந்த இடத்துக்கு வரப்போகுது. தடுக்கிறது ஆரு? நம்மட ஆளேதான். அந்தப் புள்ளயில டீச்சருக்கு என்ன எரிச்சலோ, ஆருக்குத் தெரியும்.”

செசீலியா கைபேசியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை பேருக்கும் நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் கலியாணம் முடிந்துவிடும்.

“மெடம், எனக்கு உங்கள விளங்கவேயில்ல,” என்றான் ஸியாம். “கூட்டக் குறிப்பு என்ர கையில இரிக்கு. நெத்மிக்கு நாலு, பிரஷாந்திக்கு ஒண்டு. ஏழு மணித்தியாலம் ஒத்தையா நிண்டு பிரஷாந்திதான் கெப்டன் எண்டு சண்ட பிடிச்சது நீங்கதானே?”

கண்ணகை குனிந்து பூசணிக்காயைத் தேடினாள்.

“ஓம் தம்பி,” என்றாள் செசீலியா. “நான் தோத்திட்டன். அதையும் அந்தக் குறிப்பில எழுதித்தானே இரிக்கு? எழுதினபடியே லிஸ்ட அனுப்புங்க.”